கொரோலா 110: எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் ஒழுக்கு, கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

மதவடி | சனி, இரவு 9.12

வணக்கம். நெடுநாளாக இங்கே வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவன் நான். இன்று தேவை வந்ததால் எழுதுகிறேன்.

வாகனம் கொரோலா 110. 5ஏ-எவ்ஈ எஞ்சின், 1498 சி.சி., கை கியர். யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்திருந்த 2003ஆம் ஆண்டு அப்பா கொழும்பில் வாங்கி, ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் டிக்கியைத் திறந்து காட்டிக் காட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அப்பா இப்போது இல்லை. அதனால் அம்மாவுக்கு அது வெறும் வாகனம் அல்ல.

ஆறு மாதமாக ஒயில் ஒழுகுகிறது. காலையில் பார்த்தால் எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே தேநீர்த் தட்டு அளவில் ஒரு கறுப்பு வட்டம். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் ஊற்றுகிறேன். இந்த எஞ்சின் மொத்தமாகக் குடிப்பதே மூன்று லீற்றர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகப் போகும் கராஜில் காட்டினேன். கீழே படுத்து, ரோச் அடித்து, இரண்டு நிமிடத்தில் எழுந்தார். “பின் மெயின் சீல் போய்விட்டது. கியர்பொக்ஸை இறக்க வேண்டும். மூன்று நாள், நாற்பத்தெட்டாயிரம்.” அம்மாவை வாரம் இருமுறை கிளினிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வேறு வாகனம் பார்க்கலாம் என்றால், 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும்.

கேள்வி ஒன்றுதான். இரண்டு நிமிடத்தில் சொன்னதை நம்பி இறக்கலாமா?

கிடுகுவேலி | சனி, இரவு 9.40

இறக்குங்கள். எனது காருக்கும் இதே இடத்தில்தான் ஒழுக்கு. பார்க்கலாம், பார்க்கலாம் என்று எட்டு மாதம் இழுத்தடித்தேன். கடைசியில் கிளச் தட்டு ஒயிலில் ஊறி, கைதடிப் பாலத்தில் எஞ்சின் மட்டும் அலறியது, வாகனம் நகரவில்லை. சீலோடு கிளச்சும் சேர்ந்து இரட்டிப்புச் செலவு. கராஜ்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நெல்லியடி பன்னிரண்டு | சனி, இரவு 10.05

கிடுகுவேலி அண்ணை, நீங்கள் சொல்வதிலேயே என் கேள்வி இருக்கிறது. உங்கள் கிளச் வழுக்கியது. தம்பியின் கிளச் வழுக்குகிறதா? பின் மெயின் சீல் இருப்பது கிராங் தண்டின் வால் பக்கம், கிளச் பிடிக்கும் பறக்குஞ்சில்லுக்கு முன்னால். அங்கே இவ்வளவு ஒயில் போனால் பெரும்பாலும் கிளச்சிலும் கொஞ்சம் படும். கருகல் மணம் வரும், ஏற்றத்தில் வழுக்கும்.

தம்பி மதவடி, இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று மிதித்தால் சுற்று மட்டும் கூடுகிறதா? கீழே விழும் ஒயிலை வெள்ளைத் தாளில் தொட்டு மணந்து பாருங்கள். கியர் ஒயில் என்றால் கந்தக நாற்றம் மூக்கைப் பிடிக்கும். பவர் ஸ்ரியரிங் ஒயில் என்றால் சிவப்பாக இருக்கும். கடைசியாக, எஞ்சினை மேலிருந்து யாராவது பார்த்தார்களா?

மதவடி | ஞாயிறு, காலை 7.30

கிளச் நன்றாக இருக்கிறது, வழுக்கல் இல்லை. ஒயில் கறுப்புக் கலந்த பழுப்பு, நாற்றம் இல்லை. டிப் ஸ்ரிக்கில் ஒட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

மேலிருந்து ஒருவரும் பார்க்கவில்லை. பொனற்றைக்கூடத் திறக்கவில்லை.

பழைய மொறிஸ் | ஞாயிறு, காலை 8.15

பொனற்றைத் திறக்காமல் எஞ்சினுக்கு நோய் சொல்லும் வைத்தியம் எங்கள் காலத்தில் இல்லை.

நான் வைத்திருப்பது மொறிஸ் மைனர், 948 சி.சி. அதன் பின் மெயினில் சீலே கிடையாது என்றால் இளையவர்கள் நம்பமாட்டீர்கள். கிராங்கில் திருகு மரைபோல ஒரு வரி வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போது அந்த மரை ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை. மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தினால் ஒழுகும். யாழ்ப்பாணத்தில் ஏற்றத்தைத் தேடிப்போக வேண்டும் என்பதால் நாங்கள் தப்பினோம். செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கிளச்சை மூடிய பெல் ஹவுசிங் கூட்டின் அடியில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு பிளவு ஊசியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாகனம் அதிர அதிர ஊசி ஆடும், துளை அடைபடாது. ஒழுக்கைத் தடுக்க முடியாது, வழியையாவது திறந்து வைப்போம் என்ற எண்ணம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது இங்கே பெற்றோல் கண்ணில் காண்பதே அரிது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். அந்த நாட்களில் எனது மொறிஸ் கீழே நன்றாக ஒழுகியது. ஆனால் டிப் ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் குறையவே இல்லை! ‘அட, தங்கமான எஞ்சின்’ என்று கொஞ்ச நாள் மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் விளங்கியது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஒயிலோடு கலக்கிறது. ஒழுகிய அளவை மண்ணெண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டால் தண்ணீர் போல ஓடியது. தண்ணியாகப் போனதால்தான் அவ்வளவு ஒழுக்கும்.

தம்பிக்கு இதெல்லாம் தேவையில்லை. மேலே பார்க்கச் சொல்லத்தான் வந்தேன், கதை நீண்டுவிட்டது.

ஸ்காபரோ குளிர் | ஞாயிறு, காலை 8.50

ஐயா, நீங்கள் கதை சொல்லத்தான் நாங்கள் இங்கே இரவு விழித்திருக்கிறோம்.

தம்பி, இங்கே நாங்கள் ஒயிலுக்குள் ஒளிரும் சாயம் கொஞ்சம் ஊற்றிவிடுவோம். ஒரு நாள் ஓடிவிட்டு இருட்டில் ஊதாக்கதிர் ரோச் அடித்தால் ஒழுகும் பாதை முழுவதும் மஞ்சள் பச்சையாக எரியும். சந்தேகத்துக்கே இடமில்லை.

தாவடி ரீச்சர் | ஞாயிறு, காலை 9.20

சாயமும் ரோச்சும் ஸ்காபரோவிலிருந்து வரும்வரை தம்பியின் அம்மா கிளினிக் போகாமல் இருப்பாரா? முகத்துக்குப் போடும் பவுடர் போதும். சகோதரரிடம் கற்றுக்கொண்டது: சுத்தமாகக் கழுவிக் காயவிட்டு, பவுடரைத் தூவி, எஞ்சினை ஓடவிட வேண்டும். ஒயில் முதலில் எங்கே வருகிறதோ அங்கே பவுடர் நனைந்து கறுக்கும். எனது வாகனமும் 110 தான், பள்ளிக்கூடம் போய்வர. பவுடர் செலவு இருபது ரூபாய்கூட வராது.

நெல்லியடி பன்னிரண்டு | ஞாயிறு, முற்பகல் 10.30

ரீச்சர் சொன்னதுதான் வழி. செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகச் செய்தால் பவுடரும் பொய் சொல்லும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இந்த எஞ்சினில் புகைபோக்கிக் குழல் றேடியேற்றர் பக்கம் முன்னாலேயே இருக்கிறது. சூடாக இருக்கும்போது அதில் மண்ணெண்ணெய் பட்டால் கழுவல் அல்ல, தகனம். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்றிபியூட்டரையும் வயர்களையும் பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். பழைய பெயின்ற் தூரிகையால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண் ஒயிலோடு சேர்ந்து பனங்களி போல அப்பியிருக்கும், அது போகும்வரை விடாதீர்கள். பிறகு துணியால் துடைத்து ஒரு பகல் காயவிடுங்கள்.

பவுடர் போட வேண்டியது கீழே அல்ல, மேலே. எஞ்சினின் மேல் மூடியான டப்பெற் கவரின் விளிம்பு, அதன் இடது முனை, டிஸ்றிபியூட்டர் எஞ்சின் தலையில் சேரும் வாய், அதற்குக் கீழே பெல் ஹவுசிங்கின் தோள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு இருபது நிமிடம் அருகிலேயே நில்லுங்கள். வீதியில் ஓட்டவேண்டாம். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னால் இழுத்துப் பூசிவிடும், எல்லா இடமும் குற்றவாளிபோலத் தெரியும்.

நான் யாரைச் சந்தேகிக்கிறேன் என்பதை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் உங்கள் கண் அதைத்தான் பார்க்கும்.

சுன்னாகம் கிணற்றடி | ஞாயிறு, முற்பகல் 11.10

வாகனம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வேண்டுகோள்: கழுவும் வேலையைக் கிணற்றடியில் வைக்காதீர்கள். நாம் குடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீர். மேலே ஊற்றியது வெடிப்பு வழியே கீழே போய்விடும். எங்கள் ஊர்க் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களில் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக் கான்களோடு வரிசையில் நின்றவள் சொல்கிறேன். கீழே தகரத் தட்டு வைத்து, வடிந்ததைப் போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடுகுவேலி | ஞாயிறு, நண்பகல் 12.25

இவ்வளவு பாடு எதற்கு? ஒயிலோடு கலக்கும் ஒழுக்கு நிறுத்தும் மருந்து கடைகளில் விற்கிறார்கள். ஒரு போத்தல் ஊற்றினால் முடிந்தது.

நெல்லியடி பன்னிரண்டு | ஞாயிறு, நண்பகல் 12.50

நேற்று இரவு கியர்பொக்ஸை இறக்கச் சொன்னீர்கள், இன்று மதியம் மருந்து ஊற்றச் சொல்கிறீர்கள். மாலையில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருக்கிறேன்.

அந்த மருந்து இறுகிப்போன றப்பரை மென்மையாக்கிக் கொஞ்சம் வீங்கவைக்கும். வெடித்துப்போன றப்பரை ஒட்டவைக்காது. அதோடு எஞ்சினில் உள்ள நல்ல சீல்களையும் சேர்த்தே வீங்கவைக்கும். எது ஒழுகுகிறது என்று தெரியுமுன் அதை ஊற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

மதவடி | செவ்வாய், இரவு 8.05

செய்தேன். நேற்றுக் கழுவி, இன்று பின்னேரம் பவுடர். அம்மாவின் பவுடர் டப்பாவில் பாதி போய்விட்டது, அந்த வழக்கு தனியாக நடக்கிறது.

எஞ்சின் ஓடத் தொடங்கி எட்டு நிமிடம்வரை ஒன்றுமில்லை. கீழே படுத்துப் பார்த்தேன், பெல் ஹவுசிங்கின் அடி வெள்ளையாகவே இருந்தது. பதினொராவது நிமிடம் போல, டிஸ்றிபியூட்டர் தலையோடு சேரும் இடத்தின் அடியில் பவுடர் மங்கத் தொடங்கியது. முதலில் பிறைபோல ஒரு கோடு. பிறகு அந்தப் பிறையின் அடியில் ஒரு துளி திரண்டது. விழவில்லை, நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஒழுகி பெல் ஹவுசிங்கின் தோளில் இறங்கி, வார்ப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் சுற்றிப் போனது. கால் மணி நேரம் கழித்துத்தான் கீழே, கராஜ்காரர் ரோச் அடித்த அதே இடத்தில், முதல் சொட்டு விழுந்தது.

கைத்தொலைபேசியை உள்ளே நுழைத்து எடுத்த படம் தெளிவில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்தேன்.

நெல்லியடி பன்னிரண்டு | செவ்வாய், இரவு 8.30

டிஸ்றிபியூட்டர் ஓ-றிங், அதாவது அது தலையில் சேரும் வாயில் இருக்கும் றப்பர் வளையம். இப்போது சொல்கிறேன், முதல் நாளிலிருந்தே அதைத்தான் சந்தேகித்தேன். இந்த வகை எஞ்சின்களில் இதைப் பின் மெயின் சீல் என்று எண்ணிக் கியர்பொக்ஸை இறக்கியவர்கள் பலர். இறக்கிப் புது சீல் போட்டு ஏற்றிய பிறகும் ஒழுகும், அதுதான் கொடுமை.

ஒன்று பாருங்கள்: டிஸ்றிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்பக்கம் ஒயில் இருக்கிறதா என்று. இருந்தால் உள்ளே தண்டைச் சுற்றியுள்ள சீலும் போய்விட்டது, அது வேறு வேலை. காய்ந்திருந்தால் வெளி ஓ-றிங் மட்டும்தான்.

கழற்றுமுன் இரண்டு அடையாளம் வையுங்கள். டிஸ்றிபியூட்டர் உடலிலிருந்து தலைவரை குறுக்கே ஒரு கூரான கோடு. மூடியைத் திறந்து, உள்ளே றோட்டர் எங்கே நோக்குகிறது என்று இன்னொரு கோடு. போல்ட் துளைகள் நீள்துளைகள், டிஸ்றிபியூட்டர் திரும்பக்கூடியது. ஒரு பாகை பிசகினாலும் எஞ்சின் சொல்லிக் காட்டும். வயர்களுக்கும் எண் ஒட்டுங்கள். சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1-3-4-2.

போல்ட் இரண்டும் 12 மில்லிமீற்றர். மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியும். கீழ் போல்ட் விரலுக்கு மட்டும்தான் தெரியும். காற்றுக் குழாயைக் கழற்றினால் கை போகும், ஆனால் கையும் கண்ணும் ஒரே நேரத்தில் போகாது. குட்டை ஸ்பானர் ஒன்று வேண்டும். அவசரப்பட்டு முனை தேய்த்தீர்களோ, பிறகு உண்மையிலேயே கராஜ்தான்.

தாவடி ரீச்சர் | செவ்வாய், இரவு 9.00

ஓ-றிங் வாங்கும்போது தண்ணீர்க் குழாய் வாசரை அளவு பார்த்துத் தந்துவிடுவார்கள், வாங்காதீர்கள். எனக்கு நடந்தது. சாதாரண இயற்கை றப்பர் ஒயிலில் ஊறினால் ஊதிப் பிதுங்கும். ஒயில் தாங்கும் நைற்றைல் என்று கேட்டு வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் அளவை அதில் எடுக்காதீர்கள். அது தட்டையாகிப் போயிருக்கும். டிஸ்றிபியூட்டரின் பள்ளத்தில் அளவெடுக்கச் சொல்லுங்கள்.

மதவடி | சனி, மாலை 6.40

ஓ-றிங் இங்கே இரண்டு கடைகளில் இல்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் நண்பன் எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டான். காலை ஆறு மணிக்கு பஸ் நிலையத்தில் நின்று, சாரதி சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்த சிறு உறையை வாங்கினேன். றிங் 350 ரூபாய். பஸ்ஸுக்கு 300.

கீழ் போல்ட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம். வலது கையால் முடியவில்லை. இடது கையை எஞ்சினுக்கும் சுவருக்கும் இடையில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் ஸ்பானரைப் போட்டேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அது வேறெதையோ பார்த்து விரலைக் குழப்பியது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் திரும்பும். கழன்ற போல்ட் கைநழுவி எங்கேயோ விழுந்தது. சத்தம் கேட்டது, நிலத்தில் விழவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கம்பியில் கட்டி, கியர்பொக்ஸின் மேலிருந்து தூண்டில் போட்டு எடுத்தான்.

பழைய ஓ-றிங் வெளியே வந்தபோது அது றப்பராகவே இல்லை. ஒரு பக்கம் தட்டை, கறுப்பு பிளாஸ்ரிக் வளையல் போல. நகத்தால் வளைத்தேன், டக் என்று இரண்டாக உடைந்தது. டிஸ்றிபியூட்டரின் உள்ளே காய்ந்திருந்தது, நல்ல காலம்.

புதியதற்கு ஒயில் பூசி, கோட்டோடு கோடு வைத்துப் பூட்டினேன். எஞ்சின் முதல் சுற்றிலேயே எழும்பியது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

நெல்லியடி பன்னிரண்டு | சனி, இரவு 7.15

நன்று. ஆனாலும் பொறி விழும் நேரத்தைக் காட்டும் ரைமிங் லைற் உள்ள ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பரிசோதனைப் பெட்டியில் ரீஈ1, ஈ1 முனைகள் இரண்டையும் இணைத்துவிட்டுப் பார்த்தால் 10 பாகை நிற்க வேண்டும். கோடு வைத்தது கிட்டத்தட்டத்தான் சரி.

மதவடி | அடுத்த புதன், இரவு 9.30

ரைமிங் பார்த்தாயிற்று, 8இல் நின்றது, 10க்குக் கொண்டுவந்தோம்.

ஒழுக்கு முற்றாக நிற்கவில்லை. வட்டம் தேநீர்த் தட்டிலிருந்து ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வந்திருக்கிறது. மறுபடி பவுடர் போட்டேன் (புது டப்பா, என் காசு). இம்முறை டப்பெற் கவரின் இடது மூலை, வளைவு முடிந்து தட்டை தொடங்கும் இடம்.

கிடுகுவேலி | புதன், இரவு 9.45

நான் சொன்னேனே.

நெல்லியடி பன்னிரண்டு | புதன், இரவு 10.10

நீங்கள் சொன்னது பின் மெயின் சீல். இது டப்பெற் கவருக்கு அடியில் வைக்கும் பக்கிங் றப்பர். இரண்டுக்கும் இடையில் ஒரு முழு எஞ்சின் இருக்கிறது.

தம்பி, பக்கிங்கை மாற்றுமுன் டப்பெற் கவரில் இருக்கும் பிசிவி வால்வை இழுத்தெடுத்துக் குலுக்குங்கள். கிலுகிலு என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடைபட்டிருக்கிறது. எஞ்சினுக்குள் சேரும் ஆவி போக வழியில்லாமல், எங்கே பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளும். அதை விட்டுவிட்டுப் பக்கிங் மட்டும் மாற்றினால் அடுத்த மூலை ஒழுகும்.

பக்கிங் போடும்போது அந்த மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிக்கன். வாய் முழுக்கப் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். கவர் நட்டுகளை மாறி மாறி, மெல்ல. இறுக்கினால் ஒழுகாது என்று முறுக்கினால் தகடு வளைந்து நிரந்தரமாக ஒழுகும்.

மதவடி | ஞாயிறு, இரவு 8.20

வால்வு குலுக்கினேன், ஊமை. உள்ளே தார் போல இறுகியிருந்தது. புதிது போட்டு, பக்கிங்கும் மாற்றியாயிற்று. இன்று அம்மாவை வவுனியாவில் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டிவந்தேன், போகவர 280 கிலோமீற்றருக்கு மேல். டிப் ஸ்ரிக்கில் கோடு காலையில் இருந்த இடத்திலேயே.

மொத்தச் செலவு, பவுடர் இரண்டு டப்பாவும் சேர்த்து, ஐயாயிரத்தைத் தொடவில்லை.

கிடுகுவேலி | ஞாயிறு, இரவு 8.40

மகிழ்ச்சி தம்பி. ஆனால் எனக்குப் போனது உண்மையிலேயே சீல்தான், இறக்கிக் கையில் எடுத்துப் பார்த்தேன். இதை வாசித்துவிட்டு எல்லோரும் ஓ-றிங் வாங்க ஓடவேண்டாம்.

நெல்லியடி பன்னிரண்டு | ஞாயிறு, இரவு 8.55

இந்த இழையில் நீங்கள் சொன்னவற்றில் இதை மட்டும் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன் அண்ணை.

பழைய மொறிஸ் | திங்கள், காலை 6.10

தம்பி, காருக்குக் கீழே மட்டை விரித்து வைத்திருந்தீர்கள்தானே, அதை எறியாமல் எனக்குத் தாருங்கள். கச்சேரிப் பக்கம் வரும் நாளில் எடுத்துக்கொள்கிறேன். எனது ஊசி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.